தொட்டிக்குள் வைத்த கங்கைச் சொம்பு

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. செத்து இத்தனை வருஷம் ஆகியும் பிடிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்று சொல்பவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியதில்லை.

அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார். வில்லியனூரில் தேரடிக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. செம்பு, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னாலேயே வீடு. மூத்தாரின் மனைவி முன்பே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. அவர், என் மாமியார், நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் குடும்பம். நான்கு பேருக்கும் சேர்த்து மூளை தன்னிடம் மட்டும் இருப்பதாக அவருக்கு நினைப்பு. என் வீட்டுக்காரர் அண்ணன் எதிரில் வாயைத் திறந்தால் அது கொட்டாவி விடத்தான் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கடல் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குப் போனபோது விட்டுப்போன கண்ணாடித் தொட்டி அது. கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு மீன்காரர் பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். அவரே பாறை இடுக்கில் வலை போட்டு அழகு இறாலும் பிடித்து வருவார். விரல் நீளம் இருக்கும். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, உடம்பைவிட நீளமாக வெள்ளை மீசை. சாம்பாரில் வெங்காயம் தூக்கலாக இருந்தால் முகம் சுளிக்கிற சைவ வீட்டில் இறாலுக்கு ராஜ உபசாரம்!

"பாக்கத்தானே வெச்சிருக்கேன், துன்னவா வெச்சிருக்கேன்?" என்பார்.

பார்ப்பது அவர். நெத்திலியைப் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவது நான். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத கை. கொல்லையில் உட்கார்ந்து நறுக்கிவிட்டு மூன்று முறை சீயக்காய் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைக்கும்போது குமட்டும். அவரோ கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூடத்துக்கு அழைத்துவந்து, "பெத்த புள்ளை மாதிரி வளக்கறேன்" என்பார். அந்தப் பிள்ளைகள் இருபது நாளுக்கு மேல் தங்கியதில்லை. மூன்று ஜோடி செத்தது. நான்காவது ஜோடி வந்தது. தொட்டியில் கூடவே விட்டிருந்த நீலக் குஞ்சு மீன்கள் மட்டும் எதற்கும் அசையாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை வந்தது. நான் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி ஆர்டர். தபால்காரர் அதைக் கடையில் கொடுத்துவிட்டார். மூத்தார் பிரித்துப் படித்துவிட்டு, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே தெரியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா?

அவர் அப்போது மாமியாரைக் காசிக்கு அழைத்துப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"மாமா, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும். போவட்டுமா?"

தொட்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்த ரெண்டு எறாவும் உசுரோட இருக்கணும். இருந்துச்சுன்னா தாராளமா போ. ஒண்ணு செத்தாலும் ஆர்டரைக் கிழிச்சு அடுப்புல போட்டுடு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"காசிக்குப் போறவன் பொய் சொல்லுவனாம்மா?"

என்னை மடக்கிவிட்டதாக நினைத்துச் சிரித்தார். அவரிடமே இருபது நாள் தாங்காத இறால் என்னிடம் இருபத்தைந்து நாள் எப்படித் தாங்கும் என்ற தைரியம். ஆர்டரை என்னிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

எனக்கு அந்த இறால்களின் மேல் பாசம் கிடையாது. வெறிதான் இருந்தது. நாள் முழுக்கத் தொட்டி எதிரிலேயே கிடந்தேன். கரண்டு போய்க் காற்று மோட்டார் நின்றால், பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் குமிழி கிளப்புவேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும்.

ஐந்தாம் நாள் கவனித்தேன், தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மூத்தாராக இருந்தால் கேனிலிருந்து கடல் தண்ணீரை ஊற்றி நிரப்புவார். நான் கேனைத் தூக்கியும்விட்டேன். அப்போதுதான் அடுப்பில் ரசம் சுண்டுகிற வாசனை வந்தது. சுண்டின ரசம் கரிக்கும். அதில் யாராவது இன்னும் உப்பைப் போடுவார்களா? வெறும் தண்ணீரைத்தானே விளாவுவோம்! தொட்டியில் ஆவியாய்ப் போனது தண்ணீர், உப்பு அங்கேயேதான் இருக்கிறது. இத்தனை நாளும் அவர் உப்பின் மேல் உப்பாக ஊற்றித்தான் அதுகளைக் கொன்றிருக்கிறார்! அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணாடியில் குங்குமத்தால் ஒரு கோடு போட்டேன். கூடத்து மூலையில் இருந்த மண்பானைத் தண்ணீரை எடுத்து, அந்தக் கோடு வரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

பதினாறாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் ஒரு இறால் மல்லாந்து கிடந்தது. மீசை முதற்கொண்டு அப்படியே. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "போச்சா? சரி வுடு, வேலைக்குப் போய் இன்னா பண்ணப் போற" என்றார். அந்த வார்த்தையை அவருக்கு நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அழுது முடித்து எடுத்துப் போடலாம் என்று கையை விட்டேன். கையில் வந்தது வெறும் ஓடு. உள்ளே ஒன்றும் இல்லை. கல்லுக்குப் பின்னால் பார்த்தால், சட்டையை உரித்துப்போட்டுவிட்டுப் புதுச் சிவப்பில் பளபளவென்று ஒளிந்துகொண்டிருக்கிறது சனியன்! அழுத கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தேன்.

மூத்தார் திரும்பியபோது இரண்டும் உயிரோடு இருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி எதிரில் நின்று எண்ணினார். இரண்டை எண்ண எவ்வளவு நேரம்! மாமியார்தான், "அட, ரெண்டும் கீதேடா!" என்றார்.

"கங்கையில முழுகறச்சே இதுங்களையும் நெனச்சுக்கினேன். அதான் நின்னுச்சு" என்றார் மூத்தார்.

புண்ணியம் கங்கைக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேலை கிடைத்ததே, அது போதும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

காசியிலிருந்து வருகிறவர்கள் வாய் அடைத்த சின்னச் செம்புச் சொம்புகளில் கங்கைத் தண்ணீர் கொண்டுவருவார்கள். சாகிறவர் வாயில் ஊற்ற எடுத்து வைப்பது வழக்கம். அவர் இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றைப் பூஜை அலமாரியில் வைத்தார். இன்னொன்றின் அடைப்பை உடைத்துத் தொட்டியில் ஊற்றினார். அதோடு நிற்கவில்லை. அந்தச் சொம்பையும் தொட்டிக்குள் இறக்கி, கற்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்தார்.

"மாமா, உப்புத் தண்ணியில செம்பு வேணாம். களிம்பு ஏறும்" என்றேன்.

இதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன். செம்புக் குடம் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "புளி, உப்பு, மோரு எதுவும் இதுல வெக்காதம்மா, களிம்பேறி வெஷமாயிடும்" என்று அவர் சொல்வதை நாள்தோறும் கேட்டிருக்கிறேன்.

"கங்கை இருந்த சொம்பும்மா இது. இதுக்கு ஏது களிம்பு?" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு இறால் பக்கவாட்டில் சாய்ந்தது. தொட்டுப் பார்த்தேன், ஓடு இல்லை, முழு உடம்பு. சாயங்காலம் மற்றதும் போயிற்று. நீல மீன்கள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன, இறாலுக்குத்தான் எதையும் தாங்காத உடம்பு. நான் கையை விட்டுச் சொம்பை எடுத்து அவர் எதிரில் வைத்தேன். கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று களிம்பு. அவர் கட்டை விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். பாத்திரக்காரரின் விரல் அது. விரலில் ஒட்டின பச்சையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்.

"நீ இன்னாத்தையோ ஊத்திக்கினு இருந்திருக்கே. அதான் செத்துச்சு" என்றார்.

"இருவத்தஞ்சு நாளும் நல்லாத்தானே இருந்துச்சு! சொம்பு வெச்சதுக்கு அப்புறம்தானே மாமா செத்துச்சு?"

"கங்கை கொல்லுமா? யாரையாச்சும் கங்கை கொல்லுமா? நல்ல குடும்பத்துப் பொம்பள பேசற பேச்சா இது?"

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அந்த வீட்டில் கங்கை கொன்றது என்று சொல்ல வாயில்லை, அதனால் நான் கொன்றதாக ஆயிற்று, அவர் கொடுத்த வாக்கும் அதோடு செத்தது. ஒன்றாம் தேதி வந்தது, போயிற்று. அந்த வேலைக்கு வேறு யாரோ சேர்ந்தார்கள். ஆர்டரை நான் அடுப்பில் போடவில்லை, பெட்டியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே கடையில் அவர் குரல் கேட்டது. "உப்பு மட்டும் வெக்காதம்மா, களிம்பேறும்."

ஆறேழு வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார். தொட்டி இருந்த அதே கூடத்தில்தான் கட்டில். பீயும் மூத்திரமும் அள்ளியவள் நான். ஒரு மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது, சொந்தக்காரர்கள் கூடினார்கள். மாமியார் பூஜை அலமாரியிலிருந்து மீதியிருந்த கங்கைச் சொம்பை எடுத்து அடைப்பை உடைத்தார்.

"நீதானம்மா பாத்துக்கினே, நீயே ஊத்து" என்று என் கையில் கொடுத்தார்.

சொம்பைச் சாய்த்துப் பாலாடைச் சங்கில் ஊற்றி அவர் வாயருகே கொண்டுபோனேன். அவர் கண் திறந்திருந்தது. சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். ஊற்றிய தண்ணீர் தாடை வழியாகத் தலையணையில் இறங்கியது. யாரோ, "புண்ணியவான், தண்ணிகூட வேணாங்கறாரு" என்றார்கள்.

நான் குனிந்து அவர் காதோடு கேட்டேன். "தொறங்க மாமா. கங்கை யாரையாச்சும் கொல்லுமா?"

வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கி மூலையைக் காட்டினார். அங்கே மண்பானை இருந்தது. நான் எழுந்துபோய் அதிலிருந்து மொண்டு வந்து ஊற்றினேன். மூன்று மடக்கு குடித்தார்.