மாதா கிணற்றுத் தண்ணீர்

பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் விடாத மழையில் ஆறு எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வந்துவிட்டது. மாதா கோயிலுக்குள்ளும் புகுந்த வெள்ளம், மாதாவின் பாதத்தைத் தொட்டதோடு நின்று வடிந்தது. மாதா செய்த புதுமை, பெரிய அற்புதம் என்று லயமே முழங்காலிட்டது. ஆற்றோரக் கக்கூஸ்களை முழுக்காட்டிவிட்டு வந்த வெள்ளம் அது என்பது யாருக்கும் நினைவில்லை.

கோயில் கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. கயிறு விட்டு இறைத்த கிணற்றில் குனிந்து கையாலேயே மொள்ளலாம். இரண்டு நாளில் தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. சுற்றிலும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. என் முகம் அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் வீடு வீடாக வந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிப் போனார். அம்மா வாய் கொப்பளிக்கும் தண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்தாள். கோயில் கிணற்றிலிருந்து அவள் செம்பில் மொண்டு வந்திருந்த மாதா தண்ணீரையும் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"மாதா தண்ணியப் போயி யாராச்சும் அடுப்புல வைப்பாங்களா? பாவம்லா."

அந்த வருடம்தான் நான் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியிருந்தேன். சுத்தமான கை என்று செம்பை என்னிடம் கொடுத்து லயம் முழுக்க அனுப்பினாள். இந்து வீட்டுக்காரர்களும் இரு கையேந்தி வாங்கி ஒரு மிடறு குடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் முதலில் போன கடைசி வீட்டில் பேதி கண்டது. அடுத்து அதற்கடுத்த வீடு. நான் செம்போடு போன வரிசையிலேயே வீடுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

எங்கள் வீட்டில் தங்கை விழுந்தாள். நான்கு வயது. காலையில் ஓடியாடியவளுக்கு மதியத்துக்குள் கண் குழிந்து, விரல் நுனி சுருங்கிவிட்டது.

"அக்கா... தண்ணி."

அது அவள் குரலே இல்லை. கேட்கும்போதெல்லாம் செம்பைச் சாய்த்தேன். டிரெஸர் ஓடி வந்து, பச்சைத் தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். அவள் பொய் சொல்லவில்லை. மாதா தண்ணீரை அவள் தண்ணீராகவே நினைக்கவில்லை. பாலம் இன்னும் மூழ்கிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வரவில்லை. பொழுது சாய்வதற்குள் தங்கை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா வந்து, கைக்குழந்தைக்குப் பேதி வருமுன்னே மாதா தண்ணீர் கொஞ்சம் கொடு என்று அழுதார். தங்கைக்குப் பேதி கண்ட பிறகே நிறையக் கொடுத்ததும், மற்றவர்களுக்கு ஒரு மிடறோடு நிறுத்தியதும்தான் நான் செய்த தப்பு என்று எனக்குத் தோன்றியது. அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சங்கில் எடுத்து, வயிறு நிறைய ஊட்டினேன்.