லினக்ஸுக்கும் பி.எஸ்.டி.க்கும் ஒரு சனிக்கிழமைப் போட்டி

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு எதிரி இருந்தான். மத்தியானச் சாப்பாடும் அவனோடுதான். கரமனை அக்ரஹாரத்துக்காரன். அவன் லினக்ஸ் கட்சி, நான் பி.எஸ்.டி. இரண்டும் கணினியை இயக்கும் தளங்கள். எதனுடைய கெர்னல், அதாவது உள்ளே இருந்து எல்லாவற்றையும் ஓட்டும் பகுதி, நெட்வொர்க்கில் வேகமானது என்பதுதான் எங்கள் சண்டை.

ஒரு நாள் வந்து, தான் நடத்திய சோதனையில் லினக்ஸ் இரண்டு மடங்கு வேகம் என்றான்.

"உன் மெஷின்ல என்ன நெட்வொர்க் கார்டு?" என்று கேட்டேன்.

"புதுசு."

"பி.எஸ்.டி. மெஷின்ல?"

"ஷெல்ஃப்ல கிடந்தது ஒண்ணு. கார்டு மேல பழியப் போடறியோ?"

"ஒரே மெஷின், ஒரே கார்டு. ஹார்டு டிஸ்க்கை மட்டும் மாத்தி மாத்திப் போடுவோம். அதல்லே நியாயம்?"

"செட்டிங்ஸ்? நீ உன்னோடதை நன்னா டியூன் பண்ணிட்டு என்னோடதை அப்படியே விட்டுடுவே."

"அப்போ என்னோடதை நீ பண்ணு, உன்னோடதை நான் பண்றேன். குறை வெச்சா மத்தவனுக்குத் தெரிஞ்சுடும்."

அவனுக்கு இது பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பி.எஸ்.டி.யின் பஃபர் கணக்கைப் பற்றி, அதாவது வந்து போகும் தரவுக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்று, என்னைத் துளைத்தெடுத்தான். நான் லினக்ஸ் ஆவணங்களைப் பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் படித்தேன். எதிரியின் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பது போலிருந்தது. வீடு நன்றாகவே கட்டப்பட்டிருந்தது.

சனிக்கிழமை அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும். முதலில் அவன் டியூன் பண்ணின பி.எஸ்.டி.யை ஓட்டினோம். இன்னொரு கணினியிலிருந்து வலைப்பக்கம் கேட்டுக் கோரிக்கைகளை வாரி இறைத்தோம். விநாடிக்கு எத்தனை பதில் என்ற எண் திரையில் ஏற ஏற அவன் குஷியில் மேசையைத் தட்டினான். பிறகு டிஸ்க்கை மாற்றி, நான் டியூன் பண்ணின லினக்ஸை ஓட்டினோம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"ஏறுது பாரு, இன்னும் ஏறுது."

அவன் என்னையே பார்த்தான். "நீ இப்போ எந்தக் கட்சி?"

எனக்கே சிரிப்பு வந்தது.

லினக்ஸ் ஒரு மயிரிழை முந்தியது. மறுபடி ஓட்டினால் பி.எஸ்.டி. முந்தியது. மூன்றாம் தடவை திரும்பவும் லினக்ஸ். அவன் சொன்ன இரண்டு மடங்கில் பெரும்பங்கு அந்த ஷெல்ஃப் கார்டின் வேலை என்று புரிந்தது. ஏமாற்றமே இல்லை எங்களுக்கு. பெரிய கோப்புகளை அனுப்பினால் என்ன ஆகும், கூட்டம் கூடினால் எது முதலில் திணறும் என்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு டீக்கடைக்கு இறங்கினோம். வாங்கி வைத்த பழம்பொரி, அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, ஆறிப்போனது. கரமனை பஸ் எங்களைத் தாண்டிப் போனதை அவன் கவனிக்கவேயில்லை.