அந்தப் படத்தைப் பார்க்கும் கண்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றினேன். மலேசியாவில் கோலா பிலா டவுனுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தைப்பூசக் காவடிக்காக என் கணவர் விரதத்தில் இருந்தார். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. அன்று அவர் திருநீறு எடுத்தபோது வலது கை நெற்றிக்குப் போகாமல் பாதியிலேயே தொய்ந்தது. திருநீறு தரையில் கொட்டியது.

கொஞ்ச நாளாகவே அவருக்குத் தலைவலி. நடையும் தள்ளாட்டம். விரதக் களைப்பு என்றே நம்பினேன். காவடி எடுக்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டு சரசுதான் சாராயத்தைச் சொல்லிக் கிண்டல் செய்வாள்: "அண்ணன் இருக்கறது விரதமா, சம்சுவா லா?" ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் அவளே காரை எடுத்தாள்.

டவுன் மருத்துவமனையில் கேட்டவர்களிடமெல்லாம் "விரதம், அதனால் சோர்வு" என்றே சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். இளம் பெண் டாக்டர் ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்க்கும் நிபுணர்கள் சிரம்பானில் இருந்தார்கள். பல ஊர்ப் படங்கள் அங்கே வரிசையில் நின்றன. அவசரம் என்று குறிக்காததால் எங்கள் படம் வரிசையின் கடைசியில். நாளைகூட ஆகலாம் என்றார்கள்.

காத்திருந்தோம். சற்று நேரத்தில் என் கணவர் என்னைத் தன் அக்கா பெயர் சொல்லி அழைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, அந்தப் படத்தைப் பார்க்கும் கண் எதுவானாலும் அது உன் கண்ணாக இருக்கட்டும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

டாக்டர் வேகமாக வந்தார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறதாம். நாளைக்கென்று சொன்ன படம் எப்படி இதற்குள் என்று கேட்டேன்.

"புதுசா ஒரு ஏஐ போட்டிருக்காங்க ஆன்ட்டி. வர்ற படத்த எல்லாம் அது மொதல்ல பார்க்கும். ரத்தம் மாதிரி தெரிஞ்சா வரிசைக்கு முன்னால தள்ளிவிடும். அங்கிள் படத்த அதுதான் தள்ளுச்சு."

"மெஷின் தப்பா சொல்லியிருந்தா?"

"அது கைதான் காட்டும். நிபுணர் கண்ணால பார்த்துட்டுத்தான் போன் பண்ணாரு."

பிறகு டாக்டர் அவர் பக்கம் குனிந்து, தலையில் ஏதாவது பட்டதா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

"போன மாசம் மட்ட ஒண்ணு விழுந்துச்சு. இவகிட்ட சொன்னா காவடி வேணாம்பா."

செம்பனை மட்டை எவ்வளவு கனம் என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அம்புலன்ஸில் சிரம்பான் போகும் வழியெல்லாம் அவருடைய வலது கையை விடவில்லை. அது என் கையை இறுக்கவே இல்லை. அன்று மாலையே மண்டையில் துளையிட்டு ரத்தத்தை வடித்தார்கள். தாமதித்திருந்தால் நினைவே திரும்பாமல் போயிருக்கலாம் என்றார்கள்.

காப்பாற்றியது முருகனா, கம்ப்யூட்டரா என்று சரசு இன்றும் கேட்பாள். நான் வாதாடுவதில்லை. நான் ஒரு கண் கேட்டேன். அவன் கொடுத்தான். அந்த வருடம் காவடி இல்லை. அடுத்த வருடம் அவர் பால்குடம் எடுத்தார், தலைவலி என்றால் மறைக்காமல் சொல்கிறேன் என்று எனக்குச் சத்தியம் செய்துவிட்டு. விரதமிருக்கும் அன்பர்களே, உடம்பு காட்டும் அடையாளத்தை விரதத்தின் மேல் போடாதீர்கள். அவனைக் கூப்பிட்டுக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த வழியிலாவது உங்களுக்கு முன்னே போய் நிற்பான்.

மண்டையில் துளையிட்டதற்கு மறுநாள் காலை வார்டில் அவர் கண் திறந்தார். முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை அவிழ்த்து நீட்டினேன். அவர் வலது கை மெல்ல எழுந்தது, தொட்டது, தலைக்கட்டுக்குக் கீழே நெற்றியில் கோணலாக ஒரு கோடு இழுத்தது.