பெட்டி ஓரத்து நிழல்

கம்ப்யூட்டர் திரையில் விண்டோ என்கிற ஒரு பெட்டி திறந்தால் அதன் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த நிழலை வரையும் துணை நிரலை எழுதுவதுதான் ப்ளெஸ்ஸியின் வேலை. அதற்காகத் தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் நின்றுகொண்டே போனாள்.

கவனித்த ஒரே ஆள் அவள் அப்பா காலேப். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். "நெழலு வுழுதா பாரு? எம் பொண்ணு போட்டது." வந்தவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்கள்.

அவரை அடக்கம் செய்த மறுவாரம், இறப்புச் சான்றிதழுக்காக பஜாரில் தணிகைவேலின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். விண்ணப்பம் திறக்காமல் திரை அப்படியே நின்றது.

"ரொம்ப ஸ்லோவா கீதுங்க. நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே, கொஞ்சம் பாருங்களேன்."

அந்த மெஷினிலும் விழுந்துகொண்டிருந்தது அவளுடைய நிழல்தான். பழைய மெஷினுக்கு அது வீண் சுமை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? செட்டிங்ஸுக்குள் போய் நிழலை நிறுத்தினாள். விண்ணப்பம் சட்டென்று திறந்தது.

"ஆங், இப்பதான் நல்லா கீது," என்றார் தணிகைவேல். "அப்பா பேரு சொல்லுங்க."