நீலம் பட்ட சீட்டு

இது நடந்தது. கேசவன் என்னிடம் சொன்ன நாளையும் நேரத்தையும் அப்படியே எழுதுகிறேன். ஒரு நிமிஷம்கூட நான் கூட்டவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அன்று இருட்டே கிடையாது. 2003 ஜூன் 11, புதன்கிழமை, உச்சி வேளை, தலைக்கு மேலே இரண்டு டியூப் லைட்.

கேசவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஊர் திருப்போரூர். மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் ஒரு பழைய வீடு. வாசலில் 'மண் ஆய்வுப் பிரிவு' என்று பலகை தொங்கும். மண்ணும் கிடையாது, ஆய்வும் கிடையாது. உள்ளே இருந்ததெல்லாம் உளவுப் பிரிவின் ரகசியக் கோப்புகள். அங்கே கேசவன் தினக்கூலி டைப்பிஸ்ட். மூன்று வருஷம் கைகட்டி நின்றதில், அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு அதிகாரியின் மேஜைவரை வந்துவிட்டது. வீட்டில் மனைவி பிரபாவதிக்கு ஏழாவது மாசம். அந்த ஒரு தாளைத்தான் குடும்பமே நம்பியிருந்தது.

அன்றைக்கு வேலை சுலபம். எரிக்கப் போகிற கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வைத்திருக்கத் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர்கள் யாரும் இதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். நாளைக்கு வம்பு வந்தால் தினக்கூலிக்காரன் தலையில் விடியட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

அந்த அறைக்கு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஆள் உள்ளே போனதும் வெளியிலிருந்து இரண்டு பூட்டுப் போடுவார்கள். ஒரு சாவி கோப்பறைக் காவல் முனிசாமியிடம். இன்னொன்று அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அதுவும் ஒன்றரை மணிக்குத்தான். வெளியே வரும்போது முனிசாமி உடம்பைத் தடவிச் சோதிப்பார்.

10.05க்குப் பூட்டினார்கள்.

11.40க்கு ராஜாராமின் கோப்பு கைக்கு வந்தது. ராஜாராம் கட்சிக்காரர்களுக்குச் சுவர் விளம்பரம் எழுதுகிறவன். 1994 மார்ச் 17, மாலை 6.40க்குச் செங்கல்பட்டுக் கூட்டத்தில் ஒரு தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்க்கட்சிக்குச் சுவர் எழுதியவன் என்று ராஜாராமைப் பிடித்தார்கள். சாட்சி இல்லாமல் விட்டுவிட்டார்கள். சந்தேகம் மட்டும் அவனை விடவில்லை. அவன் எங்கே போனான், என்ன செய்தான் என்று தினமும் ஒரு சீட்டு. சீட்டில் அவன் பெயர் இருக்காது. 'இலக்கு' என்றுதான் எழுதுவார்கள். எல்லாம் முனிசாமியின் கோழிக்கிறுக்கல். அப்போது அவர்தான் அவனைப் பின்தொடர்ந்த ஆள்.

நடுவில் ஒரு புதுத் தாள் இருந்தது. ராஜாராமின் மகள் லதா, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். 'கொலையாளி எனச் சந்தேகிக்கப்பட்டவரின் மகள். பரிந்துரைக்க இயலாது.'

கேசவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லதாவை அவனுக்குத் தெரியும். திருப்போரூர் பஸ் நிலையத்து ஜெராக்ஸ் கடைப் பெண். கசங்கிய ரேஷன் கார்டைக்கூட நீவி நீவி வைத்து நகல் எடுத்துத் தருவாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினான். கொலை நடந்த நாளின் சீட்டு.

'17-3-94. மாலை 6.40. திருப்போரூர் பஸ் நிலையம். இலக்கு தன் மகளுக்குப் பலூன் வாங்கினான்.'

இரண்டு தடவை படித்தான். செங்கல்பட்டு எங்கே, திருப்போரூர் எங்கே! கொலைக்கு முன்பே அவன் பின்னால் ஆள் விட்டிருக்கிறார்கள். அவன் கொல்லவில்லை என்று அன்றைக்கே இவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அமுக்கிவிட்டார்கள். இந்த ஒரு சீட்டு வெளியே போனால் லதாவின் தலையெழுத்து மாறும். இதற்கு எதிரேதான் கேசவன் 'தேவையில்லை' என்று எழுத வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்... க்... சர்ர்ர்...

இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. சுவரில் பிரஷ் இழுக்கிற சத்தம். எலியாக இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். ஆனால் எலி போனால் சுண்ணாம்பு வாசனை வருமா? நீலம் கலந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கைத் துளைத்தது.

1997 செப்டம்பரோடு சீட்டுகள் நின்றிருந்தன. அதற்கும் பின்னால் ஒரே ஒரு சீட்டு. கையெழுத்து முனிசாமியுடையது இல்லை. தடித்தும் மெலிந்தும், சுவரில் எழுதுவது போன்ற எழுத்து. தாளின் ஓரத்தில் நீல விரல் ரேகை.

'11-6-2003. பகல் 12.10. இலக்கு 6.40 சீட்டைப் படித்தான்.'

கேசவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 12.10.

அதற்குக் கீழே இன்னொரு வரி. 'பகல் 12.14. இலக்கு கதவைத் தட்டுவான். திறக்க மாட்டார்கள்.'

அவன் ஓடிப் போய்க் கதவைத் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். வெளியிலிருந்து முனிசாமியின் குரல் நிதானமாக வந்தது.

"இன்னாப்பா பேஜாரு பண்ற? இன்னொரு சாவி அவருகிட்ட கீது. ஒன்றரைக்குத்தான் வருவாரு."

"உள்ள யாரோ கீறாங்க அண்ணாத்த."

"நீதான் கீற."

மணி 12.14.

திரும்பி வந்தால் சீட்டில் இரண்டு புது வரிகள். எழுத்து ஈரமாக இருந்தது.

'12.31. இலக்கு அந்தச் சீட்டைச் சட்டைக்குள் வைப்பான்.'

'1.24. திரும்ப எடுத்து வைப்பான்.'

முதல் வரியைப் படித்தபோது பயம் வந்தது. இரண்டாவதைப் படித்ததும் ரோஷம் வந்தது. என்னைக் கோழை என்கிறாயா? 6.40 சீட்டை நான்காக மடித்துச் சட்டைக்குள், பனியனுக்கும் உள்ளே செருகினான். மணியைப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தான்.

12.31.

"எடுக்க மாட்டேன்," என்று வாய்விட்டே சொன்னான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சர்ர்ர்... க்...

12.50. சத்தம் அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

1.02. கரண்ட் குறைந்து ஃபேன் நின்றது. ஆனால் மேஜைமேல் சீட்டுகள் படபடத்துக்கொண்டே இருந்தன.

1.15. முதுகுக்குப் பின்னால்... நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி... யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்தொடர்கிறவன் நிற்பதுபோல.

திரும்பவில்லை.

1.22. வெளியே ஜீப் சத்தம்.

1.23. முதல் பூட்டு திறந்தது. க்ளக்.

முனிசாமியின் தடவும் கை ஞாபகம் வந்தது. அதிகாரியின் மேஜையில் கிடக்கும் உத்தரவு. பிரபாவதியின் வயிறு.

கை தானாகச் சட்டைக்குள் போனது.

எடுத்தது.

வைத்தது.

1.24.

பேனாவைத் திறந்து கையெழுத்தும் போட்டான்.

சத்தம் நின்றது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் நீல விரல் ரேகை ஒன்று மெல்லப் படிந்தது. அவன் பார்க்கப் பார்க்கப் படிந்தது.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் தோப்பில் குழி வெட்டி எரித்தார்கள். கேசவன் மெதுவாக முனிசாமியிடம் விசாரித்தான், 97க்கு அப்புறம் ராஜாராமை யார் கவனித்தது என்று.

"செத்தவன எவன் கவனிப்பான்? தொண்ணூத்தியேழுல கடல்ல வியுந்து பூட்டான்," என்றார் அவர். "மூணு நாள் கழிச்சி கரை ஒதுங்கினான். விரல்ல நீலம் மட்டும் அப்டியே இருந்திச்சி."

மறு வாரம் உத்தரவு வந்தது. ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. திருப்போரூரில் பஸ் ஏறும்போதெல்லாம் கேசவன் ஜெராக்ஸ் கடைப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டான். சொல்லலாம்தான். சொன்னால் சீட்டு எங்கே என்று அவள் கேட்பாளே என்று வாயைக் கட்டிக்கொண்டான்.

2009 மே 29. முனிசாமி அடுத்த நாள் ஓய்வு பெறுகிறார். கேசவனைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய காகிதக் கட்டு ஒன்றை நீட்டினார். அவன் உள்ளேயிருந்து கதவைத் தட்டிய நாளிலிருந்து, ஆறு வருஷமாக, அறைக்குள் தினமும் ஒரு சீட்டு கிடக்கிறதாம். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை, பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

இரண்டாயிரத்துக்கும் மேல் சீட்டுகள். அத்தனையிலும் ஒரே வரி.

'இலக்கு இன்றும் என் மகளிடம் சொல்லவில்லை.'

முனிசாமி அவன் முகத்தையே பார்த்தார். "இன்னாத்தப்பா நீ சொல்லல?"

"ஒண்ணுமில்ல அண்ணாத்த."

சுவர்க் கடிகாரத்தில் மணி 4.10. கேசவன் காகிதக் கட்டைத் திரும்பக் கட்டப் போனான். மேலே இருந்த சீட்டில், அன்றைய தேதிக்குக் கீழே, ஒரு வரி கூடியிருந்தது.

'4.10. முனிசாமியே கேட்டார். அப்போதும் சொல்லவில்லை.'

நீலம் இன்னும் காயவில்லை.