நாற்பத்தைந்தில் அழுத பாட்டு

ஒஸ்லோ நகரின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இலையுதிர்காலத்தில் பழைய சாமான் சந்தை ஒன்று நடக்கும். பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்காகப் பெற்றோர் நடத்துவது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, காலுக்குப் பனிக்காலச் சப்பாத்து வாங்கப் போன என் கணவர், இசைத்தட்டு போடும் பெட்டி ஒன்றை அணைத்துப் பிடித்தபடி திரும்பி வந்தார். கூடவே ஒரேயொரு இசைத்தட்டு. கறுப்பாக, பீங்கான் போலக் கனமாக இருந்தது.

"சப்பாத்து எங்கை?" என்று கேட்டேன்.

"இஞ்சாரும், இது வேலை செய்யுது. அங்கை போட்டுப் பாத்தனான்."

பகல் முழுவதும் பஸ் ஓட்டிவிட்டு வருபவர் அவர். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கூடினாலே முகம் சுளிப்பார். அதனால் எனக்கு ஆச்சரியந்தான்.

பெட்டியின் பக்கத்தில் வேகத்தை மாற்றும் சிறிய பிடி இருந்தது. முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து என்ற இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. முப்பத்துமூன்றில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போலக் கேட்டது. நாற்பத்தைந்தில் வைத்ததும் ஓர் ஆணின் குரல் வந்தது. ஒரு வயலினும் கிற்றாரும் தளர்ந்து தளர்ந்து அந்தக் குரலின் பின்னால் போயின. ஆங்கிலப் பாட்டுத்தான், ஆனால் மூக்கால் இழுத்துப் பாடியதில் எங்களுக்குப் பிடிபட்டவை சில சொற்களே. அம்மா. ரயில். இனித் திரும்பி வரமாட்டேன்.

மிச்சத்தை என் கணவர் இட்டு நிரப்பினார். "தாய் சாகக் கிடக்கிறா. பாவம், இவர் ரயிலிலை போறார்."

கடைசிச் சரணத்தில் அந்தக் குரல் உடைந்து ஒரு விம்மல் வரும். அந்த இடத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். எனக்கும் கண் கலங்கியது உண்மை. ஒரு மாதமளவுக்கு ஞாயிறு தவறாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் இருந்து அந்தத் துக்கத்தைக் கேட்டோம்.

அப்படி ஒரு ஞாயிறு கீழ்வீட்டுக்காரி வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒஸ்லோவுக்கும் துரொண்ட்ஹெய்முக்கும் இடையே லொறி ஓட்டுபவள். கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் அவளுடைய முறையை என்னுடன் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வீட்டிலை ஏதும் துக்கமோ?" என்று நோர்வே மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

பாட்டுத்தான் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். அவள் குனிந்து, சுழலும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிடியின் அருகே ஒட்டியிருந்த சந்தை விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினாள். கீழே எழுபத்தெட்டு என்ற மூன்றாவது இலக்கம் இருந்தது. இந்த மாதிரிப் பழைய தட்டுகள் ஓடவேண்டிய வேகம் அதுதானாம். பிடியை அங்கே தள்ளி, ஊசியைத் தொடக்கத்தில் வைத்தாள்.

பாடியது ஓர் இளம் பெண். கடுகு வெடிப்பது போல வயலின் துள்ளியது. என் கணவர் கையில் பாதி கடித்த ரோல்ஸுடன் எழுந்து நின்றுவிட்டார்.

"பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டு. தொடக்க காலத்திலை பதிஞ்சது," என்றாள் கீழ்வீட்டுக்காரி. லொறியில் எந்நேரமும் அவள் கேட்பது அந்த வகைதானாம். "தாய் கலியாணத்துக்குச் சம்மதிக்கேல்லை. இவள் பெடியனோடை ரயிலேறிப் போறாள். இனி வரமாட்டன் எண்டு பாடுறாள்."

"கடைசியிலை அழுறாளே," என்றார் என் கணவர்.

"சிரிக்கிறாள். அந்த நாளையிலை எல்லாரும் ஒண்டாய் நிண்டு ஒரே மூச்சிலை பாடிப் பதியிறது. பிறகு வெட்டித் திருத்த ஏலாது. சிரிப்பும் தட்டிலை பதிஞ்சிட்டுது."

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றேன் நான்.

நான்கு தரம் போட்டோம். மூன்றாவது தரம் நான் வேறொன்றைக் கண்டுபிடித்தேன். அவளுடைய குரலுக்குக் கீழே இன்னொரு பெண்குரல் இருந்தது. மெதுவாக ஓடியபோது அதை இயந்திரத்தின் இரைச்சல் என்றே நினைத்திருந்தேன். முன்னால் பாடுபவள் சிரிப்பில் தடுமாறும்போது அந்த இரண்டாவது குரல் நிற்கவில்லை. அவள் விட்ட சொற்களை எடுத்துப் பாடி, அடியை முடித்து, பாட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தது. தமக்கையாக இருக்கலாம். அந்த இடத்துக்காகவே எனக்குப் பாட்டுப் பிடித்துப்போயிற்று.

அடுத்த கிழமை ஒருநாள் வேலையிலிருந்து நேரத்தோடு வந்தேன். படியேறும்போதே எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆண்குரல் கேட்டது. கதவைத் திறந்ததும் கணவர் பிடியின்மேல் கையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார்.

"அவள் பாடுறது நல்லாய்த்தான் இருக்கு," என்றார். "ஆனால் இந்த மனுசனை எப்பிடி விடுறது?"

"நான் விடச் சொன்னனானோ?"

அதன்பின் ஞாயிறுகளில் முதலில் அவருடைய பாட்டு, பிறகு என்னுடையது. அவருடையது மெதுவாக ஓடி முடிவதற்குள் நான் தேத்தண்ணி போட்டுவிடுவேன். என்னுடையது ஓடும்போது அவர் கோப்பைகளைக் கழுவுவார். பின்னால் நின்று பார்த்தால் அவருடைய தோள்கள் தாளத்துக்குச் சரியாக ஆடிக்கொண்டிருக்கும்.