எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்: பல்லேகம யானை வீதியில் ஒரு மாலை

நான் பயந்த சுபாவம். சுவரில் பல்லி ஓடினாலே வீட்டை இரண்டாக்குபவள். அப்படிப்பட்டவள் யானை பார்க்கப் போனதற்கு ஒரே காரணம், புதிதாக வாங்கிய தூர லென்ஸ். அதில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. பிடித்திருக்கும் கை நடுங்கினாலும் படம் ஆடாது. எனக்கென்றே செய்த சாமான் என்று நினைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஓட்டோ பாரூக் நானாவுடையது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர், பக்கத்து ஒழுங்கைக்காரர்.

மாத்தளையிலிருந்து ரத்தொட்ட, ரிவர்ஸ்டன் வழியாகப் பல்லேகம ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பத்தரைக்குப் புறப்பட்டு, வழியில் சாப்பிட்டு, மூன்று மணிக்குச் சேர்ந்தோம். ரிவர்ஸ்டனில் அடித்த காற்றுக்கே நான் கண்ணை மூடிக்கொண்டேன். நானா மட்டும் பேசிக்கொண்டே வந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு நல்ல யானை வீடியோ ஒன்று காட்ட வேண்டுமாம். பல்லேகமவைத் தாண்டி வஸ்கமுவக் காட்டுப் பக்கம் போகும் வீதியில் பொழுது சாயும்போது யானை கடக்கும் என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள்.

ஐந்து மணியளவில் ஒரு வளைவு தாண்டியதும் நானா பிரேக் போட்டார். அறுபது மீட்டர் முன்னால், வீதியோரத்தில் ஒரு தனியன். கூட்டத்தோடு சேராத ஆண் யானையை அப்படித்தான் சொல்வார்கள். கேமராவைத் தூக்கி வீடியோவைத் தட்டினேன். திரையில் படம் உதறியது. ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர எஞ்சின் அதிர்வைத் தாங்காது என்று எங்கோ படித்திருந்தேன். அதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

"நானா, எஞ்சின கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"இந்த ரோட்ல நிப்பாட்டக்கூடாது தங்கச்சி. பழைய வண்டி. சூடேறினா ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்."

ஒரு நிமிடம்தான் என்று கெஞ்சினேன். மகளுக்கான வீடியோ என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் சாவியைத் திருப்பினார்.

படம் இன்னும் உதறியது. அப்போதுதான் லென்ஸின் பக்கத்திலிருந்த சின்னச் சுவிட்சைப் பார்த்தேன். பையில் உரசி, ஸ்டெபிலைசர் ஓஃப் ஆகிக் கிடந்தது. உதறியது எஞ்சின் இல்லை, என் கைதான். சுவிட்சைத் தள்ளினேன். படம் ஆணி அடித்ததுபோல் நின்றது. அதில் யானை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

திரையில் அது பெரிதாகிக்கொண்டே வந்தது. சூமைத் திருகிவிட்டேனோ என்று விரலைப் பார்த்தேன். விரல் சூமில் இல்லை. யானை நடந்து வந்துகொண்டிருந்தது.

நானா ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி இருமிவிட்டு அடங்கியது. கையால் ஸ்டார்ட் பண்ணும் லீவரை இழுத்தார், மறுபடி இழுத்தார். என் பேச்சைக் கேட்டு இந்த மனிதர் சாகப்போகிறார் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கேமராவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. பின்னால் பார்க்காமலே வளைவு வரைக்கும் ரிவர்ஸில் வந்தார். யானை நின்றது, காதை விரித்தது, பிறகு பற்றைக்குள் இறங்கிவிட்டது.

பல்லேகமக் கடையில் பிளேன்டீ பாதி என் மடியில்தான் கொட்டியது. நானா ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வீடியோவைக் கேட்டார். போட்டுப் பார்த்தோம். ஆபத்தில்லாத முதல் பாதி உதறுகிறது. உயிர் போகவிருந்த இரண்டாம் பாதி, எஞ்சின் பிடிக்கும்வரை, ஸ்டூடியோவில் எடுத்ததுபோல் அசையாமல் நிற்கிறது. சத்தத்தில் மட்டும்தான் நாங்கள் இருந்தோம்: மரண வேளைக் கலிமாவை அவர் சொல்வதும், நான் அம்மா அம்மா என்று முனகுவதும். அந்த அசையாத பாதியை மட்டும் வெட்டியெடுத்து, சத்தத்தை நீக்கிவிட்டு அனுப்பச் சொன்னார். மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் இனி அவரை இந்தப் பக்கம் ஹயர் ஓட விடமாட்டாளாம். அன்றிரவே அப்படிச் செய்து அனுப்பிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: போகவர, காத்திருப்போடு ஓட்டோவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபா. என்னைக் கேட்டால் ஓட்டோவே வேண்டாம், மூடிய ஜீப்பில் போங்கள். லென்ஸ் சுவிட்சைப் பையிலிருந்து எடுக்கும்போதே பாருங்கள். எஞ்சின் ஓடட்டும். படம் கலங்கினால் கலங்கிவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலை நானாவின் மகளிடமிருந்து எனக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ். "ஆன்ட்டி, ஆனை எவ்வளவு அமைதியா நடந்து வருது. அடுத்த தரம் என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லி வாப்பாகிட்ட சொல்லுங்க. கிட்டப் போய்ப் பாக்கணும்."

உடனே நானாவுக்கு அழைத்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சத்தத்தோட அனுப்புங்க தங்கச்சி," என்றார்.

அனுப்பினேன்.